ஒரு கம்பியில் மூன்று பேஸ்: கண்டோ கல்மானும் அவர் பார்க்காமல் போன எஞ்சினும்

சித்தப்பா ஒரு பழைய மோட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். மிளகாய், மல்லி அரைக்கிற சின்ன மில் ஒன்று போடுகிற யோசனை. இரண்டு குதிரைவலு மோட்டர், நல்ல மலிவு. ஏன் மலிவு என்பது பொருத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது திறீ பேஸ் மோட்டர். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் கறண்ட். திறீ பேஸ் எடுக்கிறதென்றால் விண்ணப்பம், வயர், மீற்றர் என்று மோட்டரின் விலையைவிட மேலே போகும்.

"குடுத்துப் பாப்பம்" எண்டு குடுத்துப் பார்த்தார்கள். மோட்டர் "உம்ம்ம்" என்று முனகியது. அசையவில்லை. ஒரு நிமிசத்தில் கை வைக்க முடியாத சூடு. பிறகு பக்கத்துக் கராச்சில் இருந்து வந்த ஒரு அண்ணை, கப்பியில் கயிற்றைச் சுற்றி, பம்பரம் விடுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுவிச்சைப் போட்டார். மோட்டர் ஓடத் தொடங்கியது! நிப்பாட்டி, கயிற்றை மற்றப் பக்கமாகச் சுற்றி இழுத்தார். இப்போது மற்றப் பக்கமாக ஓடியது. "எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் ஓடும் தம்பி, அதுக்கெண்டு ஒரு பக்கம் கிடையாது" என்றார் அண்ணை.

நான் கலைப்பீடம். உயர்தரத்தில் பௌதிகத்தின் பக்கமே போனதில்லை. ஆனால் இந்த ஒரு கயிற்றிழுப்புக்குப் பின்னால் நூற்று முப்பது வருசத்துக் கதை ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு பேரரசுகள், ஒரு உலக யுத்தம், தன் வேலையின் முடிவைப் பார்க்காமலே செத்துப்போன ஒரு மனிதன் எல்லாம் இருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தபோது தெரிந்தது. எடிசனா டெஸ்லாவா என்று யூடியூப்பில் அடிபடுகிறவர்கள் தொடுவதேயில்லாத கதை.

முதலில் அந்த முனகல் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது விளங்காவிட்டால் மிச்சம் விளங்காது.

சைக்கிளில் ஒரு மிதியை நேர் மேலே நிறுத்தி வையுங்கள். மற்றக் காலை எடுத்துவிடுங்கள். இப்போது அந்த மிதியை நேரே கீழ்நோக்கி எவ்வளவு அமத்தினாலும் சக்கரம் சுத்தாது. உங்கள் முழுப்பாரமும் அச்சின் மேல்தான் போகிறது. முன்னுக்கா பின்னுக்கா என்று சைக்கிளுக்குத் தெரியாது. ஆனால் ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்கிற சைக்கிளை ஒற்றைக் காலாலும் ஓட்டலாம். சிங்கிள் பேஸ் கறண்ட் அந்த ஒற்றைக் கால். அது உண்டாக்குகிற காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகத் துடிக்கும், சுழலாது. திறீ பேஸ் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான இடைவெளியில் மிதிக்கிற மூன்று கால்கள். அங்கே காந்தப்புலமே வட்டமாகச் சுழலும். நடுவில் இருக்கிற இரும்புருளை அதன் பின்னால் இழுபட்டு ஓடும். தொடுகம்பி இல்லை, தூரிகை இல்லை, பொறி பறப்பதில்லை. தூண்டல் மோட்டர் என்பது இவ்வளவுதான்.

இந்தச் சுழலும் காந்தப்புலத்தை 1885இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் செய்து காட்டியவர் கலிலியோ பெராரிஸ் என்ற பேராசிரியர். 1888 மார்ச்சில் அதை அங்கிருந்த விஞ்ஞானக் கழகத்தில் கட்டுரையாக வாசித்தார். அதே வருசம் மே 1ஆம் திகதி நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லாவுக்கு இதே விசயத்துக்குக் காப்புரிமைகள் கிடைத்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமலே அங்கு வந்து சேர்ந்தவர்கள். பெராரிஸ் காப்புரிமை எடுக்கவில்லை. தன்னுடைய கணக்கின்படி இந்த மோட்டர் கொடுக்கிற சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாறாது என்று அவர் நினைத்திருந்தார். அந்தக் கணக்குப் பிழை. பேர்லினில் ஏஈஜி கம்பனியில் வேலைசெய்த மிக்கையில் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி 1889இல் திறீ பேஸ் மோட்டரைச் செய்தார். 1891இல் லௌபன் என்ற ஊரின் ஆற்று மின்சாரத்தை 175 கிலோமீற்றர் தள்ளியிருந்த பிராங்பேர்ட் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு செயற்கை நீர்வீழ்ச்சியை மோட்டரால் ஓட்டிக் காட்டினார்கள். ஆற்றில் விழுந்த தண்ணீர் கம்பிவழியாகப் போய் இன்னொரு ஊரில் திரும்ப விழுகிறது! அதைப் பார்க்கப் போயிருந்தால் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றிருப்பேன்.

ஆனால் அதே காலத்தில் ஊர்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாறுமின்னோட்டக் கம்பிகளில் மிகப்பெரும்பாலானவை சிங்கிள் பேஸ். விளக்குக்காகப் போட்டவை. விளக்குக்குச் சுழலும் காந்தப்புலம் எதற்கு? ஆக, புது மோட்டர் கேட்பது ஒன்று, கம்பி கொடுப்பது இன்னொன்று. சித்தப்பாவின் பிரச்சினை முதல் நாளிலிருந்தே இருக்கிற பிரச்சினை.

இதற்கு வழி தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர் சாள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ். பிறவியிலேயே முதுகு வளைந்தவர். ஜேர்மனியின் பிறெஸ்லௌவில் மாணவனாக இருந்தபோது சோசலிசப் பத்திரிகை வேலைகளில் ஈடுபட்டுப் பொலிஸ் தேடத் தொடங்க, 1888இல் நாட்டைவிட்டு ஓடி, அடுத்த வருசம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனிக்கு வேலைசெய்தார். அந்தக் கம்பனிக்கு ஒரு சிக்கல். டெஸ்லாவின் காப்புரிமைகள் போட்டிக் கம்பனியான வெஸ்ரிங்ஹவுஸிடம். ஸ்ரைன்மெற்ஸ் ஒரு சுத்துவழி கண்டுபிடித்தார். சிங்கிள் பேஸ் கம்பிகளோடு, மோட்டரைத் தொடக்கி விடுவதற்கு மட்டும் ஒரு மெல்லிய மூன்றாவது கம்பி. சட்டத்துக்கு அது 'சிங்கிள் பேஸ்'. மோட்டருக்கு அது கிட்டத்தட்ட மூன்று. 1896இல் இரண்டு கம்பனிகளும் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொண்டதும் அந்த முறைக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. தொழில்நுட்பத்தை வடிவமைத்தது பௌதிகம் மட்டுமில்லை, வழக்கறிஞர்களும்தான். இன்றைக்கும் திறீ பேஸ் மோட்டரின் மூன்றாவது முனைக்கு ஒரு கப்பாசிற்றர் வழியாகக் கறண்ட் கொடுத்து ஓட்டுகிற முறையை ஜேர்மன்காரர் அவருடைய பெயரால்தான் சொல்கிறார்கள்.

தூரினில் பெராரிஸோடு வேலைசெய்த ரிக்கார்டோ ஆர்னோ பிடித்த வழி வேறு. ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிளை நினையுங்கள். சிங்கிள் பேஸில் தள்ளிவிடப்பட்டு ஓடுகிற ஒரு திறீ பேஸ் மோட்டரின் உள்ளே, சுழல்கிற உருளையே இல்லாத காந்தப்புலத்தை உண்டாக்கிவிடுகிறது. அப்போது கறண்ட் கொடுக்காத மூன்றாவது முனையில் மின்னழுத்தம் பிறக்கும். அதாவது அந்த மோட்டர் இப்போது மோட்டர் மட்டுமில்லை, மூன்றாவது பேஸைச் செய்து தருகிற ஆலையும்தான். அதிலிருந்து வயர் இழுத்து வேறு திறீ பேஸ் மோட்டர்களை ஓட்டலாம். முதலாவது மோட்டர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா சுத்திக்கொண்டே இருந்தால் போதும். 1890களில் பெராரிஸும் ஆர்னோவும் கொண்டுவந்த இந்த யோசனை ஒரு மூலையில் கிடந்திருக்கக்கூடும், ரயில்கள் இல்லையென்றால்.

இனித்தான் கண்டோ கல்மான்.

1869இல் ஹங்கேரியின் பெஸ்ற் நகரில் பிறந்தவர். கண்டோ என்பது குடும்பப் பெயர். அவர்களும் எங்களைப் போலத் தகப்பன் வழிப் பெயரை முன்னுக்குப் போடுகிற ஆட்கள். பிரான்சில் கொஞ்சக்காலம் மோட்டர் வடிவமைத்துவிட்டு 1894இல் புடாபெஸ்றின் கான்ஸ் தொழிற்சாலைக்கு வந்தார். அந்தத் தொழிற்சாலைக்கு வட இத்தாலியில் ஒரு வேலை கிடைத்தது. கோமோ ஏரிக்கரையோரம் லெக்கோவிலிருந்து மலைக்குள் போகிற வால்தெல்லினா ரயில்பாதை. 106 கிலோமீற்றர். 1902 செப்ரெம்பரில் அங்கே மின்ரயில் ஓடியது. அதா ஆற்றின் தண்ணீரில் எடுத்த மின்சாரம், 3000 வோல்ட், திறீ பேஸ், தூண்டல் மோட்டர்கள். ஒரு முழுமையான பிரதான பாதையில் இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் ரயில் ஓடியது உலகத்தில் அதுதான் முதற்தடவை. மற்ற நாட்டுக்காரர் இன்னும் ட்ராம் வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்த காலம்.

திறீ பேஸ் ஏன்? மலைப்பாதைக்கு அந்த மோட்டர் கடவுள் தந்த வரம். ஏற்றத்தில் வேகம் குறையாது. இறக்கத்தில் ரயில் மோட்டரைத் தள்ளத் தொடங்கினால் அதே மோட்டர் ஜெனரேற்றராக மாறிக் கம்பிக்குக் கறண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே ரயிலைப் பிடித்து வைத்திருக்கும். ஜெனோவாவுக்கு மேலே இருக்கிற ஜோவி கணவாயில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. 1898இல் அந்தப் பாதையின் சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின் ஓட்டிகள் புகையில் மயங்கி விழ, ரயில் தானாகப் பின்னோக்கி உருண்டு இன்னொரு ரயிலோடு மோதியது. 1910இல் கண்டோ வடிவமைத்த ஈ.550 மின் எஞ்சின்கள் அங்கே வந்தன. சனங்கள் அதற்கு 'ஜோவிக் கோவேறு கழுதை' என்று பெயர் வைத்தார்கள். அழகில்லை, சத்தம் போடாது, சுமக்கும். அதன் வேகம் இரண்டே இரண்டு: மணிக்கு 25, மணிக்கு 50.

ஆனால் ஒரு பெரிய தொல்லை. மூன்று பேஸுக்கு மூன்று கம்பி வேணும். தண்டவாளத்தை ஒன்றாக எடுத்தாலும் மேலே இரண்டு கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு பாதையென்றால் சமாளிக்கலாம். ஸ்ரேசனுக்குள்ளே பாதைகள் பிரிந்து சேருகிற இடங்களில் மேலே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கம்பி மற்றதைக் கடக்க வேண்டும், கடக்கிற இடமெல்லாம் கறண்ட் இல்லாத துண்டுகள் வைக்கவேண்டும். ரயில் வேகம் கூடக்கூட இது தலையிடி. இத்தாலி அப்படியே அதோடு மாரடித்து, கடைசித் திறீ பேஸ் பாதையை 1976இல்தான் மூடியது.

மற்ற நாடுகள் மேலே ஒரு கம்பி போதும் என்றன. ஜேர்மனி, சுவிஸ், ஒஸ்திரியா, சுவீடன் எல்லாம் சிங்கிள் பேஸ் கம்பியில், தூரிகை வைத்த மோட்டர்களை ஓட்டின. அந்த மோட்டர்கள் சாதாரண 50 ஹேட்ஸ் கறண்டில் பொறிபறந்து தங்களைத் தாங்களே எரித்துக்கொள்ளும். அதனால் ரயிலுக்கென்று தனியாக 16⅔ ஹேட்ஸ். அதற்கென்று தனி மின்நிலையங்கள், தனிக் கம்பிகள். நாடு ஒரு மின்சாரத்தில் ஓட, ரயில் வேறொரு மின்சாரத்தில் ஓடியது. பணக்கார நாடுகளுக்குச் சரி.

அமெரிக்காவில் நோர்போக் அண்ட் வெஸ்ரேண் கம்பனி 1915இல் ஒரு நடுவழி எடுத்தது. மேற்கு வேர்ஜீனியாவின் மலைகளில் நிலக்கரி இழுக்கிற பாதை. மேலே ஒரே கம்பி, சிங்கிள் பேஸ், 11,000 வோல்ட், 25 ஹேட்ஸ். எஞ்சினுக்குள்ளே சும்மா சுத்துகிற ஒரு மாற்றி. அது செய்து தருகிற கூடுதல் பேஸில் தூண்டல் மோட்டர்கள். ஆர்னோவின் யோசனை சக்கரத்தில் ஏறிவிட்டது. எஞ்சின்களின் முதுகில் ஏற்றியிருந்ததும் நிலக்கரி, மின்நிலையத்தில் எரிந்ததும் நிலக்கரி. சுரங்கத்துக்குள் மட்டும் புகை இல்லை. 1950இல் வேறு பாதை வெட்டும்வரை அது ஓடியது.

1915இல் இத்தாலி ஒஸ்திரிய-ஹங்கேரிக்கு எதிராக யுத்தத்துக்கு இறங்கியது. இத்தாலியில் வருசக்கணக்காக ரயில் செய்துகொண்டிருந்த கண்டோ ஒரே நாளில் எதிரி நாட்டுக்காரன். குடும்பத்தோடு ஊர் திரும்பினார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். அந்த மனிதருடைய கோவேறு கழுதைகள் ஜோவியில் தொடர்ந்து சுமை இழுத்துக்கொண்டிருந்தன, இப்போது அவருடைய நாட்டுக்கு எதிரான யுத்தத்துக்கு. ஒரு துறையைக் கட்டி எழுப்பியவன் எல்லையைத் தாண்டி வந்துவிட, அவன் செய்தது அங்கேயே இருந்து வேறு யாருக்கோ உழைப்பது எங்களுக்கும் கேள்விப்படாத கதை இல்லை.

யுத்தம் முடிந்து, 1920 ட்ரியனொன் ஒப்பந்தத்தில் பழைய ஹங்கேரி இராச்சியத்தின் நிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு போனது. மிஞ்சிய சின்ன நாட்டுக்கு ரயிலுக்கென்று தனி மின்நிலையங்கள் கட்ட எங்கே காசு? நல்ல நிலக்கரியும் குறைவு. கண்டோவின் வாதம் இதிலிருந்துதான் வருகிறது. தரம் குறைந்த உள்ளூர் நிலக்கரியை எஞ்சினில் எரிக்க முடியாது, பெரிய மின்நிலையத்தில் எரிக்கலாம். அந்த மின்நிலையம் ஊருக்குக் கொடுக்கிற அதே 50 ஹேட்ஸ் கறண்டை ரயிலுக்கும் கொடுக்கட்டும். மேலே ஒரே கம்பி. மூன்று பேஸ் எஞ்சினுக்குள்ளேயே பிறக்கட்டும்.

1923இல் பரீட்சார்த்த எஞ்சின் ஒன்று புடாபெஸ்றுக்கு வெளியே சில மைல் பாதையில் ஓடியது. பிழைகள் வந்தன. திருத்தினார்கள், திரும்ப ஓட்டினார்கள். இப்படியே வருசங்கள் போயின. கடைசியில் வந்த வடிவம்தான் வி40. அதைப்பற்றி வாசிக்கும்போது இது எஞ்சினா, நடமாடும் மின்நிலையமா என்று சந்தேகம் வரும். 16,000 வோல்ட் கறண்ட் மேலே இருந்து நேராகச் சுழல் மாற்றியின் நிலைச்சுருளுக்குள் இறங்குகிறது. ட்ரான்ஸ்போமர் வேலையையும் அதுவே செய்து, மறுபக்கத்தால் பல பேஸ் கறண்டாக வெளியே விடுகிறது. ஒரேயொரு ராட்சத மோட்டர், தடிகளால் சக்கரங்களோடு பிணைத்தது. அந்த மோட்டரின் துருவங்களின் எண்ணிக்கையை மாற்றினால் வேகம் மாறும்: 25, 50, 75, 100. இடையில் 60இல் போகவேண்டுமா? நீர்த் தடையில் கறண்டை வீணாக்கிக்கொண்டுதான் போகலாம். 2200 குதிரைவலு. இன்னொரு கெட்டித்தனம், மாற்றியின் சுழலிக்குத் தனியே நேர்மின்னோட்டம் கொடுத்து, தூண்டல் மோட்டருக்கே உரிய பழியான மின்கம்பியைச் சும்மா பாரப்படுத்துகிற குணத்தை இல்லாமல் செய்திருந்தார். ஊர் மின்சாரத்தில் தொங்கப்போகிற ரயில் ஊருக்கு உபத்திரவம் கொடுக்கக்கூடாது என்ற யோசனை அது.

புடாபெஸ்றிலிருந்து ஒஸ்திரிய எல்லையில் உள்ள ஹெஜெஸ்ஹலொம் வரை கிட்டத்தட்ட 190 கிலோமீற்றர். 1932இல் முதல் பகுதியில் வி40 ஓடத் தொடங்கி, 1934இல் எல்லைவரை போனது.

கண்டோ 1931 ஜனவரி 13ஆம் திகதி இறந்துவிட்டார். 61 வயது.

அவருடைய எஞ்சின் பிறகு உலகத்தை ஆளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வி40 இருபத்தொன்பதும், அதன் சரக்கு வண்டி வடிவமான வி60 மூன்றும்தான் செய்தார்கள். பாரம், சிக்கல், வேறு எந்த நாடும் பெரிதாகப் பின்பற்றவில்லை. ஆனால் அவருடைய கம்பி ஜெயித்தது. நாட்டின் பொது மின்சாரத்திலேயே, 50 ஹேட்ஸில், ஒரே கம்பியில் ரயில் ஓடலாம் என்ற அந்த விசயம். ஜேர்மனி 1936இல் கறுங்காட்டின் ஹொல்லன்டால் பாதையில் அதைப் பரிசோதித்தது. யுத்தத்தின் பின் அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரரின் கைக்கு வர, அங்கே பார்த்ததைக் கொண்டுபோய் 1950களில் 25,000 வோல்ட் 50 ஹேட்ஸ் முறையாக வளர்த்தார்கள். இந்தியா அதைத்தான் எடுத்தது. இன்றைக்குப் புதிதாக மின்மயமாகிற நீண்ட பாதைகளில் பெரும்பாலானவை அதுதான். வரலாற்றுப் பாடத்தில் 'தோற்ற கண்டுபிடிப்பு' என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுகிறோமே, அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் பெரும்பாலும் ஓட்டை.

ஆர்னோவும் தமிழ்நாட்டுக்கு வந்தார், பெயரளவில். சென்னையிலிருந்து ஓடிய பழைய இந்திய மின் எஞ்சின்களில் பிரதான மோட்டர்கள் வேறு வகை. ஆனால் அவற்றைக் குளிராக்குகிற விசிறிகளும், பிரேக்குக்குக் காற்றமுக்குகிற கொம்பிறசர்களும் திறீ பேஸ் தூண்டல் மோட்டர்கள். அவற்றுக்கு மூன்றாவது பேஸ் கொடுக்க எஞ்சினுக்குள் ஒரு சுழல் மாற்றி சும்மா சுத்திக்கொண்டிருக்கும். அதன் பெயர் 'ஆர்னோ'. 19ஆம் நூற்றாண்டுத் தூரின்காரர் ஒருவரின் பெயரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே எத்தனை தமிழ் ஓட்டிகள் "ஆர்னோ பிடிக்குதில்லை" என்று அலுத்திருப்பார்கள்! இப்போது அந்த இடத்துக்கு இலத்திரனியல் மாற்றிகள் வந்துவிட்டன. 1990களின் நடுவிலிருந்து இந்தியா எடுத்த டபிள்யூஏபி-5 போன்ற எஞ்சின்களில் பிரதான மோட்டர்களே திறீ பேஸ் தூண்டல் மோட்டர்கள். மேலே ஒரே கம்பி, உள்ளே மூன்று பேஸ். கண்டோ கேட்டது அச்சொட்டாக அதேதான். சுழலும் இரும்புக்குப் பதிலாகக் குறைகடத்தி, 25-50-75-100 என்ற படிகளுக்குப் பதிலாக விரும்பின வேகம்.

எங்கள் யாழ்தேவி இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. இலங்கையில் ஒரு மைல் பாதைக்கும் மேலே கம்பி இல்லை.

சித்தப்பாவின் மோட்டர் கதைக்கு வருகிறேன். கயிற்றிழுப்பு ஒரு கிழமைதான். கயிற்றில் கை மாட்டினால் விரல் போய்விடும் என்று சித்தி கத்தினதில் நிப்பாட்டியாச்சு. அடுத்ததாக அந்த அண்ணை கப்பாசிற்றர் ஒன்று போட்டுக் கொடுத்தார். ஸ்ரைன்மெற்ஸின் முறை. தானாகக் கிளம்பியது. ஆனால் மல்லி போட்டால் சரி, காய்ந்த மிளகாயைக் கொட்டினால் மூச்சு வாங்கும். சிங்கிள் பேஸில் அந்த மோட்டரின் முழுப்பலமும் வராது, ஒரு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் செய்துபார்க்க வெளிக்கிட வேண்டாம், கப்பாசிற்றர் சுவிச்சை நிப்பாட்டிய பிறகும் அடிக்கும்.

இப்போது சுவரில் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தால் சிங்கிள் பேஸ் போகிறது, மறுபக்கத்தால் மூன்று பேஸ் வருகிறது. சோற்றுப் பெட்டியளவுதான் இருக்கும். வி40இன் மாற்றி செய்த வேலை. மோட்டரின் உள் இணைப்பை மட்டும் 230 வோல்டுக்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டியிருந்தது. பெட்டியில் ஒரு குமிழ் இருக்கிறது, திருகினால் வேகம் கூடும் குறையும். சித்தப்பா மிளகாய்க்கு ஒரு இடத்திலும் மல்லிக்கு ஒரு இடத்திலும் பேனையால் கோடு கீறி வைத்திருக்கிறார்.